இன்வர்னெஸ்ஸிலிருந்து இன்வர்யூ: தோட்டத்தையும் கடற்கரையையும் ஒரே நாளில் பேருந்தில் பார்ப்பது பற்றி

நெய்தல்நிலம்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடற்கரைக்கு இன்வர்னெஸ் நகரிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் சென்று வந்ததை, அதே வழியில் போக எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். இன்வர்யூ தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் செடிகளின் பெயர்களோடு நின்றுவிடுகிறார்கள். கடற்கரையைப் பற்றி எழுதுவோரோ, தோட்டத்தை மதிய உணவுக்கு இறங்கும் இடமாகக் கருதிக் கடந்துவிடுகிறார்கள். அந்தத் தோட்டத்தைக் கடலிலிருந்து பிரித்துப் பார்த்தால் அங்கே என்ன நிகழ்ந்திருக்கிறது என்பதே விளங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பேருந்து செல்லும் வழி ஒரு வளையம். கெஸ்ஸக் பாலத்தைக் கடந்து, கார்வ் வழியாக ஏ835 சாலையில் பிரேமோர் சந்திப்பை அடைந்து, அங்கிருந்து ஏ832 சாலையில் கடலுக்கு இறங்கி, டன்டொனல், குருனார்ட் விரிகுடா, ஆல்ட்பீ, பூல்யூ (இன்வர்யூ தோட்டம் இதை ஒட்டியே உள்ளது), கேர்லாக் ஆகிய இடங்களைத் தொட்டு, லாக் மரீ ஏரிக்கரை, கின்லாக்யூ, அக்னஷீன் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. மொத்தம் 250 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். இதே வளையத்தை எதிர்த்திசையிலும் சுற்றலாம் என்றாலும், கடலை முதலிலும் தோட்டத்தை அடுத்தும் பார்க்கும் இந்த வரிசையையே நான் பரிந்துரைப்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நிறுத்தம் கோரிஷாலாக் பள்ளத்தாக்கு. பனியுகத்தின் முடிவில் உருகிப் பாய்ந்த நீர் பாறையைக் கத்தியால் கீறியதுபோல் அறுத்து உண்டாக்கிய குறுகிய பிளவு அது. அதனுள் மீசாக் அருவி 46 மீட்டர் விழுகிறது. பிளவின் குறுக்கே உள்ள தொங்குபாலத்தைக் கட்டியவர் சர் ஜான் ஃபவுலர். எடின்பரோ அருகே உள்ள புகழ்பெற்ற ஃபோர்த் ரயில் பாலத்தை வடிவமைத்த இருவரில் ஒருவர். பாலத்தின் மீது ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. ஒரு பேருந்தே வந்து இறங்கும்போது இதனால் வரிசை நீளும் என்பதால், இறங்கியவுடன் கழிப்பறைப் பக்கம் திரும்பாமல் நேரே பாலத்துக்கு நடப்பவர்களுக்குத்தான் நிதானமாக நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கிறது.

பிரேமோரிலிருந்து டன்டொனல் வரையிலான சாலைக்கு 'வறுமைச் சாலை' என்று பெயர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து மலைநாடு முழுவதும் பட்டினி பரவியபோது, நிவாரண மாவைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று கருதிய நிவாரணக் குழுவினர், மக்களைக் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் வைத்து அதற்குக் கூலியாக மாவை அளந்து கொடுத்துப் போட்ட சாலை அது. பெண்களுக்கு ஆண்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கிடைத்தது. வழிகாட்டி இதைச் சொல்லும்போது பேருந்துக்குள் பேச்சு அடங்கிவிட்டது. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை வீடும் இல்லை, வேலியும் இல்லை. கரிமண் சதுப்பும் புதரும் மட்டுமே. இடப்பக்கம் 1,062 மீட்டர் உயரமுள்ள அன் டெல்லக் மலை, ஏறக்குறைய நூறு கோடி ஆண்டுப் பழமையான செந்நிற மணற்கல்லில் பல்வரிசை போல எழுந்து நிற்கிறது.

அதன்பின் கடல். லிட்டில் லாக் புரூம் என்னும் கடற்கழியின் கரையில் தொடங்கி, குருனார்ட் விரிகுடாவின் இளஞ்சிவப்பு மணலைக் கடந்து, யூ கடற்கழி வரை, நீர் பெரும்பாலும் வலப்பக்கத்தில் துணைக்கு வருகிறது. (மணலின் நிறம் அந்தச் செந்நிறக் கல்லின் நிறமே.) குருனார்ட் தீவைப் பார்க்கும்போது அதன் கதையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1942இல் ஆந்த்ராக்ஸ் கிருமியை ஆயுதமாக்கும் சோதனை அங்கே ஆடுகளின் மீது நடத்தப்பட்டது. தீவு பல பத்தாண்டுகள் மூடிக்கிடந்தது. 1986இல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைட் என்னும் கிருமிக்கொல்லியைக் கலந்து மண்ணை நனைத்துத் தூய்மை செய்த பிறகு, 1990இல்தான் பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது.

இந்தக் கரை முழுவதிலும் நான் கவனித்தது ஒன்று: கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனைகளில் மரமே இல்லை. புல்லும் புதரும் பாறையைப் பற்றிக்கொண்டு தாழ்ந்து கிடக்கின்றன. வண்டியை விட்டு இறங்கியவுடன் உதட்டில் உப்புக் கரிக்கிறது. இதை ஒரு மணி நேரம் பார்த்த கண்ணோடு இன்வர்யூவுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகவே அந்த வரிசையை வற்புறுத்துகிறேன். ஏனென்றால் இன்வர்யூவும் அப்படிப்பட்ட ஒரு நிலமுனைதான். ஆஸ்குட் மெக்கன்ஸி என்பவர் 1862இல், இருபது வயதில், தம் தாயார் வாங்கிக் கொடுத்த அந்த நிலத்துக்கு வந்தபோது, மணற்பாறையின் மேல் மெல்லிய கரிமண்ணும் ஒன்றிரண்டு குட்டை வில்லோ மரங்களும் தவிர அங்கே எதுவும் இல்லை. மண்ணை முதுகுக் கூடைகளில் சுமந்து கொண்டுவரச் செய்தார். கடலோரத்தில் கோர்சிகா பைனையும் ஸ்காட்ஸ் பைனையும் வரிசை வரிசையாக நட்டார். பிறகு அவை காற்றைத் தடுக்கும் உயரத்துக்கு வளரப் பதினைந்து இருபது ஆண்டுகள் காத்திருந்தார். மென்மையான செடிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. அவர் 1922இல் மறைந்தார். மகள் மைரி சாயர் தோட்டத்தை வளர்த்து, 1952இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்.

பைன் வரிசைக்கு வெளியே, முனையின் விளிம்பில் நின்றபோது தொப்பியைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே வந்ததும் மேலே கிளைகளின் இரைச்சல் கேட்டதே தவிர, என் முகத்துக்கு நேரே இருந்த ரோடோடென்ட்ரான் என்னும் பூமரத்தின் இலை அசையவில்லை. அந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறம் முழுவதும் பழுப்பு நிறத்தில் கம்பளி போன்ற மெல்லிய ரோமம். மேற்புறத்து நீர்த்துளிகள் உருண்டு ஓட, அந்த ரோமம் மட்டும் உலர்ந்தே இருந்தது.

திரும்பும் வழியில் லாக் மரீ ஏரியும் 981 மீட்டர் ஸ்லியோக் மலையும் இடப்பக்கம் வரும். 1877 செப்டம்பரில் விக்டோரியா அரசி ஏரிக்கரை விடுதியில் தங்கியிருந்தார் என்பதால் அங்கே ஓர் அருவிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பென் ஈ மலையின் உச்சியில் வெண்மையாகத் தெரிவது வெயில்காலத்தில் பனியன்று. குவார்ட்சைட் கல் சரிவு.

மலைச்சாரல்:

நெய்தல்நிலம் அவர்களுக்கு வணக்கம். மிகவும் பயனுள்ள பதிவு. என் பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனால் தோட்டம் என்றால் உயிர். இருவரையும் அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கிறேன். தொங்குபாலம் வரை நடப்பது கடினமா? தோட்டத்தில் எவ்வளவு நேரம் தந்தார்கள்? பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னால் நல்லது. நாள் முழுவதும் ஒரே இருக்கை என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

வேர்வாசம்:

தோட்டக்கலையில் ஈடுபாடு உள்ளவள் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். இன்வர்யூ 57.8 பாகை வடக்கில் இருக்கிறது; மாஸ்கோவைவிட வடக்கு. கனடாவின் லாப்ரடார் கரையில் இதே அட்சரேகையில் குளிர்காலத்தில் கடல் உறைகிறது. இங்கே டாஸ்மேனியாவிலிருந்து வந்த தைலமரம் வானளாவி நிற்பதற்கு அட்லாண்டிக்கைக் கடந்து வரும் வெப்பமான வளைகுடா நீரோட்டம்தான் காரணம் என்று எல்லாச் சுற்றுலா வழிகாட்டிகளும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது முழு விளக்கம் ஆகாது. கோடையில் பெருங்கடல் சேமித்து வைக்கும் வெப்பத்தைக் குளிர்காலத்தில் கரைக்கு ஏந்தி வருவது தென்மேற்குக் காற்று. ரிச்சர்ட் சீகர் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு ஐரோப்பாவின் மிதமான குளிர்காலத்தில் பெரும்பங்கு இந்தக் காற்றோட்டத்துக்கும் கடலின் பருவகால வெப்பச் சேமிப்புக்குமே உரியது, நீரோட்டத்தின் பங்கு அதற்கு அடுத்தது என்று வாதிட்டது. ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது என்றாலும், காற்றை விட்டுவிட்டு நீரோட்டத்தை மட்டும் பேசுவது சரியன்று.

இதனால்தான் நெய்தல்நிலம் எழுதிய பைன் வரிசை இன்னும் ஆழமான பொருள் பெறுகிறது. செடியைக் குளிரிலிருந்து காப்பதும் தென்மேற்குக் காற்று. உப்பைச் சுமந்து வந்து இலையைக் கருக்குவதும் அதே காற்று. அதன் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். கற்சுவர் எழுப்பினால் காற்று சுவரைத் தாண்டிக் குதித்து மறுபுறம் சுழன்று அடிக்கும். மரவரிசையோ காற்றில் ஒரு பகுதியைத் தன் ஊடாக விட்டு, மிச்சத்தை மெதுவாக மேலே தூக்கிவிடுவதால், மரத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தொலைவு வரைக்கும் அமைதி கிடைக்கிறது. ஆஸ்குட் மெக்கன்ஸி முதலில் மரத்தை நட்டுவிட்டுக் காத்திருந்தாரே, அந்தப் பொறுமையைத்தான் நான் அந்தத் தோட்டத்தின் முதல் செல்வமாக மதிக்கிறேன்.

அங்கே உள்ள செடிகளில் பலவும் கடலுக்குப் பழகியவையே. நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளின் கரையில் வளரும் நீலப்பூச் செடி ஒன்று உண்டு. சாத்தம் தீவு மறவாப்பூ என்பார்கள். தட்டைப்போல் அகன்று பளபளக்கும் அதன் இலைகளுக்கு உப்புக்காற்று புதிதன்று. நியூசிலாந்தின் ஒலியாரியா புதர்களும் அப்படியே. இமயமலையின் நீலப் பாப்பிக்குத் தேவை வேறு: குளிர்ந்த, ஈரமான கோடை. நம் நாட்டுச் சமவெளியில் எவ்வளவு பாடுபட்டாலும் அது வளராது.

நெடுஞ்சாலை:

பேருந்தா, வாடகைக் காரா என்ற கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. இந்த வழியைப் பொறுத்தவரை நான் பேருந்தின் பக்கம். ஏ832 சாலையின் சில பகுதிகள் இன்றும் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதனுள் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர்வண்டியை அதனுள் விட வேண்டும். பின்னால் வருபவர் முந்த விரும்பினாலும் அப்படியே வழிவிட வேண்டும். இதையெல்லாம் கவனித்துக்கொண்டு ஓட்டுபவர் குருனார்ட் விரிகுடாவைப் பார்க்க முடியாது. காரில் வந்த ஒருவர் மலையையும் பார்த்து வளைவையும் பார்க்க முயல்வதைப் பேருந்தின் உயரமான இருக்கையிலிருந்து கண்டு அஞ்சியிருக்கிறேன்.

நேரம் பற்றி மலைச்சாரல் கேட்டிருந்தார். பிரிட்டனில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஒருநாள் வளையத்தில் அந்த ஓய்வை வழக்கமாகத் தோட்டத்தில்தான் வைக்கிறார்கள். ஆகையால் பெரும்பாலும் முக்கால் மணிக்குக் குறையாது எனலாம். ஆனால் அதற்கு மேல் எவ்வளவு என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். 'இன்வர்யூவில் நிற்கும்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று கேளுங்கள். நுழைவுக் கட்டணம் பயணக் கட்டணத்தில் அடங்குமா என்பதையும் கேளுங்கள்.

கரைநடை:

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். ஏறக்குறைய 50 ஏக்கர் தோட்டத்தை ஓரிரு மணி நேரத்தில் பார்த்ததாகச் சொல்வது தோட்டத்துக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. பூல்யூவில் ஓர் இரவு தங்கி, பேருந்துகள் வருவதற்கு முன் காலையில் நுழைந்து பாருங்கள். நான் அப்படிச் சென்றபோது, கடற்கரையை ஒட்டிய மதில் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. விரிகுடாவின் வளைவையே தன் வளைவாகக் கொண்டு அமைந்த தோட்டம் அது. காய்கறிப் பாத்திகளுக்கும் பூப்பாத்திகளுக்கும் அப்பால், சில அடி தொலைவில், நீர் வற்றிய கரையில் கடற்பாசி கிடந்தது. ஒரே பார்வையில் முட்டைக்கோசும் கடற்பாசியும் தெரிகிற இடம் வேறு எங்கும் நான் கண்டதில்லை.

கடற்கழிக்கும் நேரம் தர வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1942 முதல், சோவியத் நாட்டுக்குப் போர்க்கருவிகளையும் உணவையும் சுமந்த சரக்குக் கப்பல்கள் இந்த யூ கடற்கழியில் ஒன்றுகூடி, ஆர்க்டிக் கடலின் பனிக்கும் நீர்மூழ்கிகளுக்கும் நடுவே மூர்மான்ஸ்க், ஆர்க்காங்கெல்ஸ்க் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டன. ஆல்ட்பீயில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கழியின் மேற்குமுனையில் பீரங்கித் தளங்களின் இடிபாடுகளும் நினைவுக்கல்லும் இருக்கின்றன. திரும்பி வராத மாலுமிகள் கடைசியாகக் கண்ட நிலம் இது. பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துபோக மனம் ஒப்பவில்லை.

நெய்தல்நிலம்:

கரைநடை ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தங்க முடிந்தவர்கள் தங்கட்டும் என்றே நானும் சொல்வேன். ஆனால் தங்க முடியாதவர்கள் போகாமலே இருந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. காரோட்டத் தெரியாதவர்கள், தனியாக வரும் பெண்கள், முதியோர் ஆகியோருக்கு அந்தக் கரையைப் பார்க்கப் பேருந்து ஒன்றே வழி. மேலும், ஒரே நாளில் வளையத்தைச் சுற்றுவதில் ஒரு தனிப்பயன் உண்டு. காலையில் வறுமைச் சாலையின் வெற்று நிலம், அடுத்து மரமற்ற கரை, அடுத்து அதே பாறையின் மேல் எழுந்த காடு என்று சில மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, மனிதக் கை என்ன செய்தது, கடல் என்ன செய்தது என்பது கண்முன் தெளிவாகப் பிரிந்து தெரிகிறது. தோட்டத்துக்கு அருகிலேயே தங்கியவருக்கு அந்த மாறுபாடு இவ்வளவு கூர்மையாகத் தெரியுமா என்பது ஐயமே.

நேரம் குறைவு என்றால் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். ஐம்பது ஏக்கரையும் சுற்ற முயல்பவர் ஓடத்தான் வேண்டும். என் பரிந்துரை இரண்டே இடங்கள்: முதலில் பைன் வரிசையைத் தாண்டி நிலமுனையின் விளிம்பு, அதன்பின் மதில் தோட்டம். இடையில் எந்தப் பாதையில் சென்றாலும் ரோடோடென்ட்ரான்கள் தாமாகவே எதிர்ப்படும்.

மலைச்சாரல் அவர்களுக்கு: எங்களுக்குத் தோட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தந்தார்கள். தொங்குபாலத்துக்குச் செல்லும் பாதை நன்கு போடப்பட்டதே என்றாலும் போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் அவர் மேலே, 2023இல் திறந்த பார்வையாளர் மையத்தில் தேநீர் அருந்திக்கொண்டு இருக்கட்டும். காலைத் தோட்டத்துக்காகச் சேமிப்பது நல்லது. தோட்டத்தில் நுழைவாயிலை ஒட்டிய முதன்மைப் பாதைகளும் மதில் தோட்டமும் அவருக்கு எளிது. முனைக்குச் செல்லும் சிறு பாதைகளில் வேர்களும் ஈரக் கற்களும் உள்ளதால் ஊன்றுகோல் இல்லாமல் செல்ல வேண்டாம்.

இருக்கை: நான் எழுதிய திசையில் சென்றால் கடல் வலப்பக்கம், லாக் மரீ இடப்பக்கம். இரண்டையும் ஒரே இருக்கையில் பெற முடியாது. எங்கள் வழிகாட்டி மதியத்துக்குப் பின் இரு வரிசையினரையும் இடம் மாறி அமரச் சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் அப்படிச் செய்ய வேண்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் வலப்பக்கம்.

மலைச்சாரல்:

மிக்க நன்றி. கரைநடை ஐயா எழுதியதைப் படித்த பிறகு தங்கலாமா என்ற ஆசையும் வந்தது. ஆனால் பெற்றோரின் பயணநாள்கள் குறைவு என்பதால் பேருந்தே என்று முடிவு செய்திருக்கிறோம். மே மாத இறுதியா, ஆகஸ்டா என்பதுதான் மீதமுள்ள கேள்வி. ஆகஸ்டில் ஒருவகைக் கொசு தொல்லை தரும் என்று கேள்விப்பட்டோம்.

வேர்வாசம்:

மே இறுதியே, ஐயமில்லாமல். பெரிய ரோடோடென்ட்ரான்களில் சில குளிர்காலத்தின் முடிவிலேயே பூக்கத் தொடங்கினாலும் மே மாதத்தில்தான் மிகுதி. நீலப் பாப்பி மே கடைசியில் தொடங்கி ஜூனில் நிறையும். சாத்தம் தீவுச் செடியும் அப்போது பூவோடு இருக்கும். ஆகஸ்டில் மதில் தோட்டம் நிறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் அம்மா முதல் முறையாகப் பார்க்கிறார் என்றால் மரங்களின் கீழே பூ இருக்கும் காலத்தில் பார்க்கட்டும். நீலகிரியின் காட்டுப்பூவரசும் ஒரு ரோடோடென்ட்ரான்தான்; அதை அவர் பார்த்திருந்தால், அதன் உறவினர்களை அங்கே பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

அந்தப் பூச்சிக்கு மிட்ஜ் என்று பெயர். கொசுவைவிட மிகச் சிறியது, கூட்டமாக வந்து கடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் காலம். காற்று மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வீசினால் அதனால் பறக்க முடியாது. எனவே பைன் வரிசைக்கு உள்ளே, காற்று அடங்கிய நிழலில்தான் அது மிகுதி. மதில் தோட்டத்தின் கடலோரப் பக்கத்தில் குறைவு. மே இறுதியில் பெரும்பாலும் தப்பிவிடலாம் என்றாலும், தலைக்கு அணியும் மெல்லிய வலை இரண்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எடை ஒன்றுமில்லை. மழைச்சட்டை கட்டாயம். குடை வேண்டாம், முனையில் அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது.